யாரைப் பிணம் என்கிறீர்கள்?

மூச்சு விடுகிறவர்கள் எல்லாரும் வாழ்கிறவர்கள் அல்லர், பேய்ப்படங்கள் இத்தனை வருடமாக நமக்குச் சொல்லிவருவது இதைத்தான் என்று தொடங்குகிறது நண்பரின் கட்டுரை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வாசகர் கூட்டத்தில் அவர் அதை வாசித்தபோது கைத்தட்டல் பலமாகவே இருந்தது. இப்போது ஒரு தொகுப்பிலும் அது வரப்போகிறது என்று அறிகிறேன். அச்சில் வரப்போகும் வாதத்துக்குப் பதிலும் அச்சில் இருக்கட்டும்.

அவர் சொன்னதைக் குறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பாசஞ்சர் பிடித்து வேலைக்குப் போய், இரவு திரும்பி, டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிற ஜனங்கள்தான் ஜாம்பிகள். ஜார்ஜ் ரொமேரோ படமெடுத்தது அவர்களைப் பற்றித்தான், தமிழில் 'மிருதன்' தொட்டதும் அதையேதான் என்பது அவருடைய முதல் வாதம். நம் படங்களின் பேய்கள் வாழத் தெரியாமல் போனவர்கள், ஆசையை விட முடியாமல் அலைகிறவர்கள் என்பது இரண்டாவது. பிறர் ஊட்டினால் உண்டு, பிறர் புரட்டினால் புரண்டு படுக்கையில் கிடக்கும் உடம்பு உயிரோடு இருக்கிறதே ஒழிய வாழவில்லை, அதை விடாமல் பிடித்துவைத்திருக்கும் குடும்பம்தான் நிஜமான பேய்ப்படம் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் சாட்சியாக இதே ஊரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனைக் கூப்பிடுகிறார். 'மனித யந்திரம்' எழுதியவர் அல்லவா என்கிறார்.

நான்கும் தவறு. முதல் இரண்டு தவறுகளும் படத்தை ஒழுங்காகப் பார்க்காததால் வந்தவை. நான்காவது, கதையை ஒழுங்காகப் படிக்காததால் வந்தது. மூன்றாவதைத் தவறு என்று சொல்லி என்னால் விட்டுவிட முடியாது. அது கொடுமை.

ஜாம்பி எங்கே பிறந்தது என்று நண்பர் ஒரு வரியும் எழுதவில்லை. அமெரிக்காவின் ஷாப்பிங் மாலில் அது பிறக்கவில்லை. அது பிறந்தது ஹெய்ட்டியின் கரும்புத் தோட்டத்தில். பிரெஞ்சுக்காரர்களின் தோட்டங்களில் செத்துச் செத்து உழைத்த அடிமைகளின் வழிவந்தவர்களிடம் ஒரு பயம் இருந்தது. செத்த பிறகாவது விடுதலை என்று நம்பியிருந்தால், மந்திரவாதி ஒருவன் புதைகுழியைத் தோண்டி உடம்பை எழுப்பி மறுபடியும் வெட்டுக்கே ஓட்டிவிடுவானோ என்ற பயம். 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீபுரூக் 1929இல் எழுதிய 'தி மேஜிக் ஐலண்ட்' என்ற புத்தகம்தான் இந்தக் கதையை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தது. அதில் வரும் செத்தவர்கள் வேலை செய்வது கரும்புக் கொல்லையில். 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில் சர்க்கரை ஆலைக் காட்சி ஒன்று உண்டு. செக்கைச் சுற்றிக்கொண்டிருப்பவர்களில் ஒருவன் தவறி அரவைக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்கவில்லை. செக்கும் நிற்கவில்லை.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, இந்த மனிதர்களுக்கு வாழத் தெரியவில்லையே என்று ஒருவர் குறைப்பட்டுக்கொள்வாரா? செக்கு யாருடையது, இவர்களை இழுத்துவந்தவன் யார் என்றல்லவா கேட்பார்? படமே அதைத்தான் கேட்கிறது. பெலா லுகோசி நடித்த அந்த ஆலை முதலாளியின் கண்களை அத்தனை பெரிதாகத் திரையில் காட்டியது வேறெதற்காக?

நண்பர் குடியிருக்கும் இடத்திலிருந்து நெல்லிக்குப்பம் கூப்பிடு தூரம். 19ஆம் நூற்றாண்டிலிருந்து சர்க்கரை ஆலை ஓடும் ஊர். அரவை தொடங்கிவிட்டால் கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். சோகை கிழித்த கைகளோடு வெட்டு ஆட்கள் விடியுமுன் கொல்லைக்குள் இறங்குவார்கள். இந்தக் கரையிலிருந்து, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டு, ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கரும்பு வெட்டப் போனவர்கள் நம் ஆட்கள். ஜாம்பிக் கதை பிறந்த அதே கரீபியத் தீவுகளின் மண்ணில் தமிழ் எலும்பும் கிடக்கிறது. இவ்வளவும் காலடியில் இருக்க, பாசஞ்சர் ரயிலில் நின்றபடி தூங்கும் ஜவுளிக்கடைப் பையனைப் பார்த்து ஜாம்பி என்கிறார் நண்பர். அவனுடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டவர் யார் என்று ஒரு கேள்விகூட அவருக்கு எழவில்லை.

இனி ரொமேரோ. 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' 1968இல் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருடம். படத்தில் பென் என்ற கறுப்பின இளைஞன் (டுவேன் ஜோன்ஸ் நடித்தது) ஒரு வீட்டுக்குள் இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கிறான். பலகை அடிக்கிறான், பயந்துபோனவர்களைத் தேற்றுகிறான், கடைசியில் அவன் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். பொழுது விடிகிறது. செத்தவர்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டு ஒரு கூட்டம் வருகிறது. ஜன்னலில் ஏதோ அசைவது தெரிகிறது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது இன்னொரு நடைப்பிணம். நெற்றியில் ஒரே குண்டு. பிறகு இறைச்சிக் கொக்கியில் மாட்டி இழுத்துப்போய் மற்றப் பிணங்களோடு அடுக்கிக் கொளுத்துகிறார்கள்.

இந்தப் படத்தையா நண்பரே, உயிரோடிருப்பவர்களில் யார் வாழவில்லை என்று நாம் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறீர்கள்? பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைத்தவர்கள் அந்தப் படத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இருக்கிறது. உங்கள் கட்டுரை அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு எழுதப்பட்டது.

1978இன் 'டான் ஆஃப் த டெட்' படத்தில் செத்தவர்கள் பழக்க தோஷத்தில் மாலுக்கு வந்து சுற்றுவதை நண்பர் ரசித்து எழுதியிருக்கிறார். மாலுக்குள்ளே கதவடைத்துக்கொண்ட நான்கு பேரை அவர் பார்க்கவேயில்லை. படத்தின் பெரும்பகுதி அவர்களைப் பற்றியது. கேட்டதெல்லாம் கைக்குக் கிடைக்கிறது அவர்களுக்கு: விலையுயர்ந்த உடை, நகை, சாப்பாடு, விளையாட்டு. கொஞ்ச நாளில் முகத்தில் ஈயாடவில்லை. நண்பர் எதையெல்லாம் 'நிஜமான வாழ்வு' என்று பட்டியல் போட்டிருக்கிறாரோ, அதெல்லாம் வாய்த்தவர்கள்தான் அங்கே வற்றிப்போகிறார்கள். அதே படத்தின் தொடக்கத்தில் ஏழைகள் குடியிருக்கும் அடுக்குமாடி ஒன்று வருகிறது. செத்துப்போய் எழுந்துவிட்ட தங்கள் ஆட்களைச் சுடக் கொடுக்க மனமில்லாமல் நிலவறையில் ஒளித்துவைத்திருக்கிறார்கள் அந்தச் சனங்கள். ரொமேரோ அவர்களை மூடர்களாகக் காட்டவில்லை. அந்தக் காட்சி நினைவிலிருந்திருந்தால் கட்டுரையின் மூன்றாம் பகுதி இப்படி வந்திருக்காது.

'மிருதன்' பற்றி இரண்டு வார்த்தை. 2016இல் சக்தி சௌந்தர்ராஜன் எடுத்த அந்தப் படத்தில் எல்லாம் எங்கே தொடங்குகிறது? கசிந்த ரசாயனத்தில். நாய் அதை நக்குகிறது, நாய் மனிதனைக் கடிக்கிறது, ஊர் கெடுகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் உப்பனாற்றங்கரையோரம் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் சொன்னஞ்சாவடியிலும் இருப்பவர்களுக்கு ராத்திரி வீசும் வாடையைக் கொண்டே எந்தப் பக்கத்து ஆலை திறந்துவிட்டது என்று சொல்லத் தெரியும். 2004இல் அந்தக் கிராமத்துச் சனங்களே வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் என்ன வாடை என்று நோட்டில் குறித்துவைத்தார்கள். அத்தனை காலம் மூச்சு முட்டியும் கண் எரிந்தும் அங்கேயே குடியிருந்து, போராடி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். ரசாயனத்தால் பிணமாகும் மனிதர்களைப் பற்றிய ஒரு தமிழ்ப்படத்தைக் கடலூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, இதன் பொருள் குமாஸ்தாக்களின் சலிப்பு என்று எழுதுகிறார். எனக்கு இது தாங்கவில்லை.

இரண்டாவது வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். வாழத் தெரியாமல் பேயானவர் என்று தமிழ்ப் படத்தில் யாரைக் காட்ட முடியும்? 'முனி'யில் ராஜ்கிரண் கொல்லப்பட்டுப் பேயாகிறார். 'ஈரம்' படத்துப் பெண் கணவன் கையால் சாகிறாள். 'காஞ்சனா' (2011) சொல்வது பெற்ற வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒரு திருநங்கையின் கதை. வளர்த்த பெண்ணை டாக்டருக்குப் படிக்கவைத்து, அவள் கட்டப்போகும் ஆஸ்பத்திரிக்காக வைத்திருந்த நிலத்துக்காக அரசியல்வாதியால் கொல்லப்படுகிறாள். அவளுக்கா வாழத் தெரியவில்லை? சரத்குமார் வரும் அந்த முன்கதையில் இருக்கிற வாழ்க்கை, படத்தின் மற்ற இரண்டு மணி நேரக் கூத்தில் கிடையாது. அந்தப் படத்தின் வெற்றிக்குப் பின்னால் வந்த பேய்ப்படக் குவியலில் பெரும்பாலானவை குப்பை என்பதை நானும் சொல்வேன். ஆனால் அந்தக் குப்பையிலும் இந்த ஒரு விஷயம் மாறவில்லை: பேய் என்றால் முன்னால் ஒரு கொலை இருக்கிறது, கொலைக்குப் பின்னால் நிலமோ சாதியோ பணமோ இருக்கிறது. நம் கிராமத்துத் தெய்வங்களில் பாதி இப்படி வந்தவர்கள்தான். அநியாயமாகச் செத்தவர்களுக்குக் கல் நட்டுப் படையல் போட்டுப் பயந்து கும்பிட்ட ஊர் இது. ஆசையை விடத் தெரியாதவர்கள் என்று அவர்களுக்கு உபதேசம் செய்த ஊரல்ல.

தமிழ்ப் படத்தில் உயிரோடிருந்தும் வாழாத ஒருவரைக் காட்ட வேண்டுமானால் நான் காட்டுகிறேன். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). நூறு வயதைத் தாண்டியும் சாகாமல், பாழடைந்த மாளிகையில் காத்திருக்கும் ஜமீன்தார். எம்.என். நம்பியார். தன் மகன் காதலித்த ஏழைப் பெண்ணைக் கொன்றவர் அவர். அடுத்த பிறவியிலும் அவர்களைச் சேரவிடக் கூடாது என்பதற்காகவே மூச்சைப் பிடித்துவைத்திருக்கிறார். அந்தப் படத்தில் உறைந்துபோய்க் கிடப்பது கொன்றவனின் உயிர். உழைத்துக் களைத்தவர்கள், நோயில் விழுந்தவர்கள் யார் தலையிலும் அந்தப் பழி போடப்படவில்லை.

மூன்றாம் பகுதிக்கு வருகிறேன்.

'பிசாசு' (2014) படத்தில் ராதாரவி நடித்த அப்பா, விபத்தில் இறந்த மகள் பவானியை ஐஸ் ஃபேக்டரியில் வைத்திருக்கிறார். விட முடியாத மனத்தின் வேதனை அது. மிஷ்கின் அந்த மனிதரைப் பார்த்து நம்மைச் சிரிக்கவோ அருவருக்கவோ விடவில்லை. கடைசியில் அந்த உடலுக்கு என்ன ஆக வேண்டும் என்று முடிவு செய்வது யார்? அப்பா இல்லை. கதாநாயகன் இல்லை. பவானியே. அவளே தன் உடலுக்குத் தீயாகிறாள். தவிர அவள் இறந்தவள். இறந்த மகளைப் பற்றிய படத்தை எடுத்து, உயிரோடு படுத்திருப்பவர்களின் தலைமாட்டில் வைத்து, இதுதான் உங்களுக்கும் வழி என்பது என்ன நியாயம்?

வட மாவட்டத்துக்காரரான நண்பர் தலைக்கூத்தல் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்று நான் நம்பவில்லை. விருதுநகர், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில், படுத்த படுக்கையான முதியவர்களை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை வரிசையாகக் குடிக்கக் கொடுத்து, காய்ச்சலில் போகவிடுகிற வழக்கம். பிரியா கிருஷ்ணசாமி அதைத்தான் 'பாரம்' என்று படமாக எடுத்தார். தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் படத்தில் யாரும் கோரைப்பல்லோடு வருவதில்லை. வீட்டு ஆட்கள்தான் வருகிறார்கள். 'இருந்து என்ன செய்யப் போறாரு' என்கிற பேச்சுதான் அந்தக் கிராமங்களில் எண்ணெய்க் கிண்ணத்துக்கு முன்னால் வருவது. நண்பரின் மூன்றாம் பகுதி அந்தப் பேச்சின் எழுத்து வடிவம்.

மும்பை கேஈஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டுச் சுயநினைவை இழந்தார். 2015இல் சாகும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அதே மருத்துவமனையில் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்தறியாத நர்ஸ்கள் வேலைக்குச் சேர்ந்து, அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஓய்வு பெற்றுப் போனார்கள். அவ்வளவு காலம் படுத்தும் உடம்பில் படுக்கைப்புண் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு ஊட்டுவதை நிறுத்தச் சொல்லித் தொடரப்பட்ட வழக்கை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த நர்ஸ்களின் சொல்லுக்கு நீதிமன்றம் மதிப்பளித்தது. நண்பரின் கணக்கில் அது ஒரு பேய்ப்படம். அந்த வார்டில் நடந்ததைவிட அதிகமான வாழ்க்கை எந்த இடத்தில் நடந்தது என்று அவர் எனக்குக் காட்டட்டும்.

என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். இனிமேல் கருவி வேண்டாம், குழாய் வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்று ஒருவர் தனக்காகச் சொல்லிவைப்பதை நான் மதிக்கிறேன். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றதும் சரியே. அங்கே பேசுவது படுத்திருக்கும் மனிதர், அல்லது நல்ல நிலையில் இருந்தபோது அவர் எழுதிவைத்த விருப்பம். நண்பரின் கட்டுரையில் படுத்திருப்பவர் பேசுவதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்தான் தீர்ப்பு எழுதுகிறார்.

என் அத்தைக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. கைகால் வராது. ஆனால் அடுப்படியில் கடுகு கருகினால் முகம் சுளிக்கும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கஞ்சி வடிகட்டுவார், நகம் வெட்டிவிடுவார், ஊர்ச்சண்டையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லுவார். அவளுக்குப் பிடிக்காத ஆளின் பெயர் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். வெளியிலிருந்து வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிறவர்களுக்கு அது வெறும் உடம்பு.

சாட்சிக்கு அழைக்கப்பட்ட புதுமைப்பித்தனுக்கு வருகிறேன். 'மனித யந்திரம்' மீனாட்சிசுந்தரம் பிள்ளையை யந்திரம் என்று சொல்லி ஒதுக்கிய கதை என்கிறார் நண்பர். கடைக் கணக்கிலேயே ஆயுளைக் கழித்த அந்தக் குமாஸ்தா ஒரு நாள் இரவு பெட்டிப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விடலாமென்று ரயில்வரை போகிறார், பயந்து திரும்பிவந்து பணத்தை வைத்துவிடுகிறார். அந்த ஒரு ராத்திரிக்குள் அவருக்கு எத்தனை ஆசை, எத்தனை கற்பனை, என்ன படபடப்பு! தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு யந்திரம் தெரியும். கதையைப் படித்தால் மனிதன் தெரிகிறான். அவனை அந்தக் கணக்குப் புத்தகத்தோடு கட்டிப்போட்ட உலகம் தெரிகிறது. இதே புதுமைப்பித்தன்தான் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதியை எழுதினார். தோட்டம் மனிதரை எப்படி மென்று துப்புகிறது என்பது அவருக்குத் தெரியும்.

'செல்லம்மாள்' கதையை நண்பர் ஏன் தொடவில்லை? ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று சம்பாதிக்கும் பிரமநாயகம் பிள்ளை. வருடக்கணக்காக நோயில் விழுந்து கிடக்கும் மனைவி. வேலைவிட்டு வந்து அவர்தான் சமைக்கிறார், மருந்து கொடுக்கிறார், கடையிலிருந்து சேலை எடுத்துவந்து அவளுக்குக் காட்டுகிறார். நண்பரின் அளவுகோலில் அவர் ஜாம்பி, அவள் பிணம். தமிழில் தாம்பத்தியம் பற்றி எழுதப்பட்ட மிக உயிருள்ள கதை எது என்று கேட்டால் நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். 

மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் புதுமைப்பித்தனே. பிணங்களிலிருந்து ஆன அந்த உருவம் ஒரு ஏழைக் குடும்பத்தின் குடிசை ஓரம் ஒளிந்திருந்து பேச்சு கற்கிறது, அவர்களுக்குத் தெரியாமல் விறகு வெட்டிவைக்கிறது. அதை மனிதனாக உட்காரவைத்துப் பேசுகிறவர் அந்த வீட்டுக் கிழவர் ஒருவர்தான். அவருக்குக் கண் தெரியாது. பார்வை உள்ளவர்கள் வந்ததும் அடித்து விரட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அது கொலைகாரனாகிறது. 1818இல் வெளிவந்த நாவலில் ஓர் இளம்பெண் எழுதிய இந்த நுட்பம் நம் காலத்துத் திரைப்பட ரசிகருக்குப் பிடிபடவில்லை.

உயிரோடிருப்பதைவிடப் பெரிதான ஒரு வாழ்வு உண்டா என்று இந்த மாவட்டத்தில் ஆழமாகக் கேட்டவர் வள்ளலார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவர். மரணமில்லாப் பெருவாழ்வு என்பது அவருடைய வாக்கு. அவ்வளவு பெரிய வாழ்வைப் பற்றிப் பேசியவர் 1867இல் வடலூரில் செய்தது என்ன? அடுப்பு மூட்டினார். பசியோடு வருகிறவர் யாராயிருந்தாலும் சோறு என்றார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நீ வாழ்கிறாயா, வெறுமனே இருக்கிறாயா என்று வாசலில் நின்று யாரையும் அவர் கேட்கவில்லை. வெறுமனே இருப்பது என்ற ஒன்றை அவர் கேவலமாக நினைத்திருந்தால் அந்த அடுப்புக்கு அவசியமே இல்லை.

தொகுப்பு அச்சுக்குப் போகுமுன் நண்பர் மூன்றாம் பகுதியை நீக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன். நீக்க மனமில்லையென்றால் புதுமைப்பித்தனின் பெயரையாவது எடுத்துவிடட்டும். அதற்கும் மனமில்லையென்றால், அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகட்டும். வார்டுக்கு வெளியே பாயை விரித்துக்கொண்டு, உள்ளே கிடக்கும் புருஷனுக்காகவோ தாய்க்காகவோ காத்துக் கிடக்கிற பெண்களிடம் அந்தப் பகுதியை உரக்க வாசித்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் அச்சுக்கு அனுப்பட்டும்.